கைபேசிச் சந்தையும் நமது சங்கங்களும்

சரக்கு தேங்கினால் சங்கம் தேங்கும் என்பது கூட்டுறவாளர் யாவரும் அனுபவத்தில் கண்ட உண்மையாகும். மத்தியக் கூட்டுறவு வங்கியில் ரொக்கக் கடன் பெற்று நூல் வாங்குகிறோம், அங்கத்தினர் நெய்து தருகின்றனர், கூலி கொடுக்கிறோம். நெய்த சேலை அலமாரியில் கிடக்கும் ஒவ்வொரு மாதமும் கடனுக்கு வட்டி ஏறுகிறது. வட்டி ஏற ஏற அடுத்த நூலுக்குப் பணம் குறைகிறது. நூல் குறையத் தறி நிற்கிறது. தறி நின்றால் நெசவாளியின் வீட்டில் அடுப்பு எரிவதில்லை. விவசாயிகளின் சங்கங்களிலோ நிலைமை இன்னும் கடினமானது. சேலையாவது ஓராண்டு காத்திருக்கும். பறித்த தக்காளி ஒரு வாரம் காத்திராது.

ஆதலால் விற்பனைக்குப் புதியதொரு வழி தோன்றுமானால் அதனைச் சீர்தூக்கிப் பார்ப்பது நமது கடமை. இன்று நாம் செல்லும் சங்கங்களிலெல்லாம் இளைஞர்கள் ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள்: ‘முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் நமது சரக்கை ஏன் காட்டக் கூடாது? நாடெங்கும் உள்ள மக்களிடம் முன்பணம் பெற்று ஏன் தறியை ஓட்டக் கூடாது?’ முதியவர்கள் வேறொரு கேள்வியைக் கேட்கிறார்கள்: ‘முகம் அறியாதவரை நம்பிப் பாவு ஏற்றலாமா?’ இரண்டும் நியாயமான கேள்விகளே. இரண்டிற்கும் இயன்ற வரையில் விடை கூற முயலுவோம்.

திரள்துணை என்றால் என்ன?

ஒரு தொழிலுக்கு வேண்டிய யோசனையையோ உழைப்பையோ சம்பளம் பெறும் சிலரிடம் மட்டும் கேளாமல், பொதுமக்களை நோக்கி அறிவிப்புச் செய்து பலரிடமிருந்தும் சிறிது சிறிதாகப் பெறுவதை ஆங்கிலத்தில் ‘கிரௌட்சோர்ஸிங்’ என்கின்றனர். 2006-ஆம் ஆண்டில் ஜெஃப் ஹௌ என்னும் பத்திரிகையாளர் ‘வயர்டு’ என்ற அமெரிக்க இதழில் இச்சொல்லைப் பரப்பினார். நாம் இதனைத் திரள்துணை எனலாம். இவ்வாறே பணத்தைத் திரட்டுவது திரள்நிதி எனப்படும்.

சொல் புதிதாயினும் செயல் பழையது. 1879-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் ஆசிரியராகிய ஜேம்ஸ் மரே, பொதுமக்கள் தாம் படிக்கும் நூல்களிலிருந்து சொற்களையும் அவை ஆளப்பட்ட வாக்கியங்களையும் சீட்டுகளில் எழுதியனுப்புமாறு வேண்டிக்கொண்டார், எண்ணற்றோர் அனுப்பினர். 1885-இல் நியூயார்க் நகரச் சுதந்திர தேவி சிலைக்குப் பீடம் கட்டப் பணம் போதாமற்போன போது, ஜோசப் புலிட்சர் தமது ‘வோர்ல்டு’ பத்திரிகையின் வாயிலாக மக்களிடம் வேண்டுகோள் விடுத்தார். எவ்வளவு சிறிய தொகை அளித்தாலும் அளித்தவரின் பெயர் பத்திரிகையில் அச்சாகும் என்றும் அறிவித்தார். 1,20,000-க்கு மேற்பட்டோர் ஒரு இலட்சம் டாலருக்கு மேல் அளித்தனர். அவர்களிற் பெரும்பாலோர் கொடுத்தது ஒரு டாலருக்கும் குறைவே. இன்று பத்திரிகையின் இடத்தில் கைபேசி வந்திருக்கிறது. செய்தி செல்லும் வேகமும் செல்லும் தூரமும் மிகுந்துள்ளன.

இதற்கும் கூட்டுறவிற்கும் உள்ள உறவு யாது? 1844-இல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நெசவாளர் உள்ளிட்ட 28 தொழிலாளர்கள் ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்து, டிசம்பர் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்த வரலாற்றை நமது வாசகர்கள் அறிவார்கள். அதுவும் பலர் சேர்ந்து சிறிது சிறிதாகத் திரட்டியதே. ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சங்கத்தில் பணம் போட்டவருக்குப் பங்கு உண்டு, வாக்கு உண்டு, கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு, ஆண்டுதோறும் தணிக்கை உண்டு. கைபேசி வழியே முன்பணம் அனுப்பும் அயலூராருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. நமது வாக்கின் மீது அவர் வைத்த நம்பிக்கை ஒன்றே உண்டு. அந்நம்பிக்கையைக் காக்கும் விதிகளை நாமே வகுத்துக்கொண்டு இச்சந்தையில் இறங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

சேந்தமங்கலத்துப் பொம்மை

இம்முறை நெசவாளருக்கு எவ்வாறு உதவக்கூடும் என்பதற்கு அண்டை மாநிலமாகிய கேரளத்தில் நிகழ்ந்த ஒன்றைக் கூறுவோம். எர்ணாகுளம் மாவட்டத்தில் பறவூருக்கு அருகே உள்ள சேந்தமங்கலம், கைத்தறி வேட்டிக்கும் முண்டுக்கும் பெயர் பெற்ற ஊர். அங்குள்ள கூட்டுறவுச் சங்கங்கள் ஓணப் பண்டிகை விற்பனையையே பெரிதும் நம்பியிருப்பவை. 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தின் நடுவில், ஓணத்திற்குச் சில நாட்களே இருக்கையில், பெருவெள்ளம் புகுந்தது. தறிகள் மூழ்கின. பண்டிகைக்கென நெய்து அடுக்கியிருந்த துணிகள் சேற்றில் ஊறின. துவைத்து விற்கக்கூடியவை விற்கப்பட்டன. கறை போகாதவை எஞ்சின.

அப்போது லட்சுமி மேனன், கோபிநாத் பாறயில் என்னும் இருவர் ஒரு யோசனை கூறினர். கறைபட்ட சேலைகளைக் குளோரின் இட்டுக் கொதிக்க வைத்துத் தூய்மை செய்து, சிறு துண்டுகளாக வெட்டி, முடிச்சிட்டுப் பொம்மைகள் செய்வது என்பது அந்த யோசனை. பொம்மைக்குச் ‘சேக்குட்டி’ என்று பெயரிட்டனர். சேற்றின் குழந்தை என்பது அதன் பொருள். ஏறக்குறைய 1,300 முதல் 1,500 ரூபாய் வரை விலைபெறும் ஒரு சேலையிலிருந்து 360 பொம்மைகள் செய்யலாம். பொம்மை ஒன்றின் விலை 25 ரூபாய். ஆகவே எவரும் வாங்காது கழிக்க நேர்ந்த ஒரு சேலை 9,000 ரூபாய் ஈட்டித் தரக்கூடியதாயிற்று.

பொம்மைகளைச் செய்தவர்கள் யார் என்பது கவனிக்கத்தக்கது. சமூக ஊடகங்களில் செய்தி பரவியதும், கல்லூரி மாணவரும் அலுவலக ஊழியரும் இல்லத்தரசியரும் பற்பல ஊர்களில் கூடி அமர்ந்து கூலியின்றிப் பொம்மை முடிந்தனர். வாங்கியோரும் அவ்வாறே பல ஊர்களில் இருந்தனர்.

இம்முயற்சி வெற்றி பெற்றதற்கு நாம் காணும் காரணங்கள் மூன்று. ஒன்று, சொல்லப்பட்ட செய்தி உண்மையானது. கறையை மறைக்காமல் கறையோடேயே விற்றனர். இரண்டு, மக்களிடம் கேட்ட வேலை எவரும் சிறிது நேரத்தில் கற்றுச் செய்யக்கூடியது. மூன்று, விலையும், ஒரு சேலைக்கு எத்தனை பொம்மை என்பதும், பணம் நெசவாளருக்கே சேரும் என்பதும் முன்னரே வெளிப்படையாகக் கூறப்பட்டன. படம் அழகாக எடுப்பது எப்படி என்று கேட்போர் முதலில் இம்மூன்றையும் கருத வேண்டுகிறோம்.

பாவு ஏற்றுமுன் கேட்டறிதல்

வெள்ளம் போன்ற இடுக்கண் வந்தால்தான் மக்கள் துணையைத் தேட வேண்டும் என்பதில்லை. அன்றாடத் தொழிலிலும் அது பயன்படும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘த்ரெட்லெஸ்’ என்னும் நிறுவனம், பனியன்களில் அச்சிட வேண்டிய சித்திரங்களைப் பொதுமக்களிடமே வரவழைத்தது. வந்தவற்றிற்குப் பொதுமக்களே மதிப்பெண் இட்டனர், தெரிந்தெடுக்கப்பட்டவை அச்சாயின, வரைந்தவருக்குப் பரிசுத் தொகை கிடைத்தது. எது விலைபோகும் என்பதைச் சரக்குச் செய்யுமுன்னரே அறிந்துகொள்ளும் வழி அது.

நமக்கு இது எவ்வளவு தேவை என்பதைத் தறி அறிந்தவர் உணர்வர். ஒரு பாவு ஏற்றிவிட்டால் அதிலிருந்து வரும் சேலைகள் யாவும் அப்பாவின் நிறத்திலேயே வந்து தீரும். நிறம் மக்களுக்குப் பிடிக்காமற்போனால் பாவு முழுவதும் அலமாரிக்கே போகும். பாவு ஏற்றுமுன் நான்கு நிறச் சேர்க்கைகளை வரைந்து, பழைய வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, ‘இவற்றுள் எது வேண்டும்?’ என்று கேட்பதற்குச் செலவு ஏதும் இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. சங்கத்திற்கே உரிய புதிய கரை, புட்டா ஆகியவற்றை எல்லோரும் காணும் பக்கத்தில் இட்டால், ஒரு வாரத்தில் விசைத்தறியில் அது வெளிவந்துவிடக்கூடும். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, ஒரு வடிவத்தைப் பதிவு செய்துகொண்டால் முதலில் பத்தாண்டுகளும், பின்னர் நீட்டித்துக்கொண்டால் மேலும் ஐந்தாண்டுகளும் உரிமை உண்டு. ஆனால் விண்ணப்பிக்குமுன் பொதுமக்கள் அறிய வெளியிட்டுவிட்ட வடிவத்தைப் பதிவு செய்ய இயலாது. ஆதலின் விண்ணப்பம் முதலில், படம் பின்னர் என்பதே முறை. வெளியாரிடம் வடிவம் கேட்டுப் பெற்றால் அவருக்குரிய ஊதியத்தையும் உரிமையையும் எழுத்தில் முடிவு செய்துகொள்ள வேண்டும். பிறர் உழைப்பை இலவசமாகப் பெற்று இலாபம் காண்பது கூட்டுறவு நெறியாகாது.

விளைவிப்போருக்கு ஒரு முறை

விவசாய அங்கத்தினருக்கு ஏற்ற முறையொன்றும் உண்டு. 1986-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலங்களில் இரு பண்ணைகள் அதனைத் தொடங்கின. நகரத்துக் குடும்பங்கள் சாகுபடிக்கு முன்னரே ஒரு பங்குத் தொகையைச் செலுத்திவிடுகின்றன. விளைச்சல் காலம் முழுவதும் வாரந்தோறும் தத்தம் பங்கிற்குரிய காய்கறிகளைப் பெறுகின்றன. நன்றாக விளைந்தால் கூடை நிறையும். மழை பொய்த்தால் கூடை குறையும். நட்டத்தில் உண்போரும் பங்கு கொள்கின்றனர் என்பதே இதன் சிறப்பு. விதைக்கும் உரத்திற்கும் வட்டிக்கு வாங்கி, அறுவடை நாளில் தரகர் சொன்ன விலைக்கு விற்கும் நமது உழவருக்கு இது சிந்திக்கத்தக்க வழி. பக்கத்து நகரில் ஐம்பது குடும்பங்களைச் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு அமைப்பதே போதிய தொடக்கமாகும். எந்த வாரம் என்ன விளையும், எது குறையும் என்பதை வாரந்தோறும் அதில் மறைக்காமல் எழுதிவர வேண்டும்.

நாம் செய்த பிழை

நன்மைகளை மட்டும் கூறி நிறுத்துவது நேர்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன் ஆய்வின் பொருட்டு ஒரு சிறு நெசவாளர் சங்கத்திற்குச் சென்றிருந்தோம். அலமாரியில் சேலைகள் தேங்கியிருப்பதைக் கண்டு, முகநூலில் ஒரு பக்கம் தொடங்குமாறு நாமே ஆலோசனை கூறினோம். கல்லூரியில் பயிலும், காரியதரிசியின் மகளார் படங்களை எடுத்து இட்டார். தேங்கிய சரக்கு ஒரு மாதத்தில் தீர்ந்தது. மகிழ்ச்சி மிகுந்து, தீபாவளிக்கு ஆறு வாரம் இருக்கையில் முன்பணத்துடன் புதிய உத்தரவுகளையும் ஏற்றுக்கொண்டனர். வந்தவை 312.

ஓடிய தறிகள் 18. தறி ஒன்று வாரத்திற்கு இரண்டு சேலை நெய்யும். ஆறு வாரமும் தடையின்றி ஓடினாலும் 216-க்கு மேல் வராது. இக்கணக்கை எவரும் போட்டுப் பார்க்கவில்லை, நாமும் கேட்கவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட வழியின்றி இரண்டு வாரம் வீணாயிற்று. தீபாவளிக்குள் அனுப்பியவை 144, குறை 168.

அவ்வேளையில் வெளியூர் வியாபாரி ஒருவர் அதே நிறத்தில் விசைத்தறிச் சேலைகளை மூன்று நாளில் தருவதாக வந்தார். படத்திற்கும் சேலைக்கும் வேற்றுமை தெரியாது என்றார். நிர்வாகக் குழு கூடியது. இரவு வெகுநேரம் வரையில் முடிவு எட்டவில்லை. இறுதியில் ஒரு முதிய நெசவாளி எழுந்து, ‘தம்பி, பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் இந்தத் தீபாவளி போகும், அந்தச் சேலையை அனுப்பினால் சங்கமே போகும்’ என்று காரியதரிசியைப் பார்த்துச் சொன்னார். வியாபாரி திருப்பி அனுப்பப்பட்டார்.

168 பேருக்கும் உள்ளதை உள்ளபடி எழுதினர். 52 பேர் பொங்கல் வரை காத்திருக்க இசைந்தனர். 116 பேருக்குப் பணத்தைத் திருப்ப வேண்டியிருந்தது. அப்பணமோ நூலாகவும் சாயமாகவும் மாறியிருந்தது. அங்கத்தினர் தமது கூலியில் ஒரு பகுதியை ஒரு மாதம் தாமதித்துப் பெறச் சம்மதித்ததனாலேயே கடன் தீர்ந்தது. தறிகள் எத்தனை என்று கேளாமல் யோசனை கூறியது நமது பிழை. அப்பிழைக்கு விலை கொடுத்தவர்கள் நெசவாளிகள். இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

பெரிய முதலாளிகளும் இவ்வாறு தவறியதுண்டு. 2014-இல் ‘கூலெஸ்ட் கூலர்’ என்னும் குளிர்பெட்டிக்காக, கிக்ஸ்டார்ட்டர் என்ற திரள்நிதித் தளத்தில் 62,000-க்கு மேற்பட்டோர் 130 இலட்சம் டாலருக்கு மேல் முன்பணம் அளித்தனர். அடக்க விலையைச் சரியாகக் கணிக்காமல் முன்விலை குறித்திருந்தமையால் பணம் போதவில்லை. 2019 டிசம்பரில் நிறுவனம் மூடப்பட்ட போது, பணம் கொடுத்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் பொருளைப் பெறவேயில்லை. உத்தரவு மிகுவதே வெற்றியென்று கருதுவோர் இதனை நினைவிற் கொள்வாராக.

பிறர் வீட்டுத் திண்ணை

மற்றொன்றும் அறிய வேண்டும். சமூக ஊடகம் என்பது நாம் கடை விரித்திருக்கும் பிறர் வீட்டுத் திண்ணை. வீட்டுக்காரர் எழுந்திருக்கச் சொன்னால் எழுந்திருக்க வேண்டியதே. 2018 ஜனவரியில் முகநூல் நிறுவனம், நண்பர், உறவினர் இடும் செய்திகளுக்கே முதலிடம் என்று தனது முறையை மாற்றியது; வணிகப் பக்கங்களின் செய்தி முன்போல் மக்களைச் சென்றடையவில்லை. 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தபோது, அதில் ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்திருந்த சிறு வணிகர்கள் ஒரே நாளில் அவர்களை இழந்தனர். அரசின் முடிவுக்குக் காரணங்கள் இருந்தன. நாம் கூற வருவது, வாடிக்கையாளரின் பெயரும் ஊரும் தொலைபேசி எண்ணும் நமது பேரேட்டில் இல்லையானால் அவர் நமது வாடிக்கையாளர் ஆகார் என்பதே.

கடைப்பிடிக்க வேண்டியவை

மேற்கூறியவற்றிலிருந்து சங்கங்கள் பின்வரும் விதிகளை நிர்வாகக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றிக்கொள்ளலாம்.

முதலாவது: ஓடும் தறிகளையும் வாரத்து உற்பத்தியையும் கணக்கிட்டு, அதில் முக்கால் பங்கிற்கு மட்டுமே உத்தரவு ஏற்க வேண்டும். அந்த எண் நிறைந்தவுடன் ‘இனி அடுத்த பருவத்திற்கே’ என்று அறிவித்துவிட வேண்டும். மழைக்கும் நோய்க்கும் மீதிக் கால் பங்கு இருக்கட்டும்.

இரண்டாவது: முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். நூலுக்குத் தேவையான பகுதியை மட்டும் தீர்மானத்தின் பேரில் எடுக்கலாம். குறித்த இலக்குத் தொகை சேராவிடில் எவரிடமும் பணம் பெறுவதில்லை என்பது 2009-இல் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டரின் விதி. நாமும் ஒரு பாவுக்கு வேண்டிய உத்தரவு சேர்ந்த பின்னரே பணம் பெறலாம்.

மூன்றாவது: பக்கமும் வங்கிக் கணக்கும் சங்கத்தின் பெயரிலேயே இருக்க வேண்டும். கடவுச்சொல் காரியதரிசி ஒருவரின் கையில் மட்டும் இருத்தலாகாது. பொறுப்பு மாறும்போது சாவியையும் ரொக்கத்தையும் ஒப்படைப்பது போல அதனையும் ஒப்படைத்துக் கையெழுத்துப் பெற வேண்டும்.

நான்காவது: வாடிக்கையாளர் பேரேடு ஒன்றை அவரவர் இசைவு பெற்று எழுதிவர வேண்டும்.

ஐந்தாவது: நூலின் எண், நீளம், சாயம், நெய்தவரின் ஊர் ஆகியவற்றைப் படத்துடன் எழுத வேண்டும். 2006 முதல் வழங்கிவரும் கைத்தறி முத்திரையைப் பெற்றுத் துணியில் இணைக்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் எடுத்த படமே நிறத்தை உள்ளபடி காட்டும்.

ஆறாவது: வட்டியோ இலாபப் பங்கோ தருவதாகக் கூறி முகநூலின் வழியே எவரிடமும் பணம் திரட்டலாகாது. முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டின் சட்டம் கடுமையானது. சரக்கிற்கு முன்பணம் பெறுவது வேறு, வைப்பு நிதி திரட்டுவது வேறு. ஐயம் தோன்றினால் இலாகா அலுவலரைக் கேட்டு நடப்பதே நலம்.

முதியோரின் கேள்விக்கு வருவோம். முகம் அறியாதவரை நம்பிப் பாவு ஏற்றலாமா? ஏற்றலாம், அவரும் முகம் அறியாத நம்மை நம்பியே பணம் அனுப்புகிறார் என்பதை மறவாதிருந்தால் ஏற்றலாம். நாம் முன்னர்க் கூறிய சங்கத்தில் பொங்கல் வரை காத்திருந்த 52 பேரும் சேலை பெற்றனர். அவர்களிற் பலர் இன்றும் அச்சங்கத்தின் பேரேட்டில் இருக்கின்றனர். அங்கே இப்போது ஒவ்வொரு பருவத்தின் தொடக்கத்திலும் தறிகளின் எண்ணிக்கையைக் கரும்பலகையில் எழுதிய பிறகே கைபேசியை எடுக்கின்றனர்.

வரும் மகாசபைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இப்பொருளையும் சேர்த்து, இளைஞரும் முதியோரும் ஒருங்கிருந்து ஆராயுமாறு எல்லாச் சங்கங்களையும் வேண்டிக்கொள்கிறோம். கூட்டத்திற்கு வரும்போது தங்கள் ஊரில் ஓடுகின்ற தறி எத்தனை, விளையும் நிலம் எவ்வளவு என்னும் கணக்கை எழுதிக்கொண்டு வருவார்களாக.